வழிந்ததா, வடிந்ததா?



மழை வலுத்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கும். கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைப்போம். வானொலியின் ஒலியைக் கூட்டுவோம். ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் குடியிருப்பவர்களுக்கு இரண்டாவது காரியம் முதலாவதைவிட முக்கியமானது. கரை தாங்குமா, மதகு திறந்திருக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதெல்லாம் அந்த நான்கு வரிச் செய்தியில்தான் வரும். அந்தச் செய்தியில் வரும் சொற்கள் சில காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பொருளோ எதிரும் புதிருமாக இருக்கிறது. அத்தகைய சொற்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

இந்த அம்மாள் இலக்கணப் பாடம் நடத்த வந்துவிட்டார் என்று வானொலியை மூடிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லூமுட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஆற்றோரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம். ஆண்டுக் கடைசி மழை. மூன்று நாளாகப் பால்வெட்டு இல்லை. தண்ணீர் வரலாம் என்று பயந்து அம்மா அரிசி மூட்டையையும் தகரப் பெட்டியையும் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தார். அப்பாவிடம் ஒரு சிறிய வானொலிப் பெட்டி. பேட்டரி சோர்ந்துபோய், தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் குரல் வரும். இரவுச் செய்தியில் எங்கள் ஆற்றின் பெயர் வந்தது. லயமே வாசலில் கூடிவிட்டது. ‘கரையில் நீர்’ என்பது வரை தெளிவாகக் கேட்டது. அடுத்த சொல்லில் ஒரு கரகரப்பு.

“வடியுதாம்,” என்றார் பாட்டி.

“ஆமா, வடியுதுன்னுதான் சொன்னான்,” என்றார் அடுத்த வீட்டுப் பெரியம்மா.

எனக்கு என்னவோ வேறு மாதிரி கேட்டது. ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் சொன்னபிறகு ஒன்பது வயதுப் பெண் என்ன பேச முடியும்? வாயை மூடிக்கொண்டேன். அம்மா பரணிலிருந்து பெட்டியையும் மூட்டையையும் இறக்கினார். எல்லாரும் நிம்மதியாகப் படுத்தோம். விடிவதற்கு முன்பே பாய் நனைந்தது. எழுந்து நின்றபோது முழங்கால் அளவு தண்ணீர்.

கோழிகள் போயின, அரிசி போயிற்று. அவற்றை மறந்துவிடலாம். தகரப் பெட்டிக்குள் எங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. சூராட் பெரானாக் என்போமே, அதுதான். என் தம்பியின் பத்திரத்தில் மை கரைந்து, தாள் கூழாகிக் கிடந்தது. அடுத்த மாதம் அவனை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மறுபடி ஒரு நகல் எடுப்பதற்கு அப்பா சம்பளத்தை விட்டுவிட்டுப் பல நாள் பேருந்து ஏறினார். தம்பி மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால், வகுப்பு தொடங்கிப் பல வாரம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தான். பத்திரம் இல்லாத பிள்ளையின் பாடு என்னவென்று நம் தோட்டங்களில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று வானொலி சொன்ன சொல் ‘வடிகிறது’ அல்ல, ‘வழிகிறது’.

ஏன் இந்த மயக்கம்? பாட்டிக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட முடியாது. ‘வடி’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. இப்போது ‘வழி’ என்று சொல்லுங்கள். அதே வளைவுதான், தொடாமல் தடவினாற்போல் நின்றுவிடுகிறது. தொல்காப்பியர் எழுத்துகள் பிறக்கும் இடத்தைச் சொல்லும்போது நாக்கின் இந்தத் தடவலைத்தான் ழகரத்துக்கு அடையாளமாகக் கூறுகிறார். தொட்டால் ‘ட’, தொடாவிட்டால் ‘ழ’. மயிரிழை வேறுபாடு. கரகரக்கும் வானொலியில் அந்த மயிரிழை அறுந்துபோகும்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணீர் வழிந்தது என்றாலும் கண்ணீர் வடிந்தது என்றாலும் நாம் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். கன்னத்தில் அது சரி. ஆற்றில் சரிப்படாது.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித் தருவது எளிது. வெட்டுக் காயத்திலிருந்து மங்குக்குப் பால் இறங்குகிறதே, அது வடிவது. மங்கு நிறைந்து விளிம்பைத் தாண்டித் தரையில் விழுகிறதே, அது வழிவது. பால்மரத்தைப் பார்த்திராத இளம் பெண்கள் அடுப்பைப் பார்க்கட்டும். உலை பொங்கி வழிகிறது. சோறு வெந்தபின் கஞ்சியை வடிக்கிறோம். வடிவது என்றால் இறங்குவது. வழிவது என்றால் விளிம்பு தாண்டுவது. ஆற்று நீர் வடிகிறது என்றால் வீட்டைக் கழுவ விளக்குமாற்றை எடுக்கலாம். வழிகிறது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

வழிவதோடு செய்தி நின்றுவிடுவதில்லை. ஒரு கரை கெடும்போது செய்தியில் வரக்கூடிய சொற்கள் நான்கு: கசிகிறது, வழிகிறது, உடைந்தது, வடிகிறது. கசிவு என்பது கரையின் உடம்பு வழியாகவோ அடி வழியாகவோ நீர் ஊறி மறுபக்கம் வருவது. கசியும் நீர் தெளிவாக இருந்தால் கரை இன்னும் தன் மண்ணை விடவில்லை என்று பொருள். ஆனாலும் கண் வைத்திருக்க வேண்டும். கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அதைக் காண்பவர் உடனே சொல்லி அனுப்ப வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. வழிதல் என்பது நீர் கரையின் தலையைத் தாண்டுவது. மண் கரைக்கு இது பெரிய ஆபத்து. தாண்டிய நீர் மறுபக்கச் சரிவில் வேகமாக இறங்கும்போது அந்தப் பக்கத்து மண்ணைச் சுரண்டும், சுரண்டச் சுரண்டக் கரை மெலியும், பிறகு உடையும். ஒரு முழம் உடைந்தால் போதும், பாயும் நீரே மிச்சத்தையும் அகலப்படுத்திக்கொள்ளும்.

கல்லாலும் காங்கிரீட்டாலும் கட்டிய அணை வேறு. மிகுந்த நீர் வெளியேறுவதற்கென்றே அதில் இடம் விட்டிருப்பார்கள். கோலகங்சாருக்கு மேலே, பேராக் ஆற்றில் 1930-இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணை அப்படிப்பட்டது. அத்தகைய அணையிலிருந்து நீர் வழிகிறது என்று செய்தி வந்தால் அணை போய்விட்டது என்று அலற வேண்டாம். ஆனால் கீழே ஆறு ஏறும் என்பதை மறக்கவும் வேண்டாம். அணை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேய எஞ்சினியர்கள் ‘ஆனிக்கட்’ என்று எழுதிய சொல் நம்முடைய ‘அணைக்கட்டு’தான். காவிரியின் கல்லணையும் அவர்கள் ஏட்டில் ‘கிராண்ட் ஆனிக்கட்’ என்றே இருக்கிறது. தமிழன் கட்டிய கரைக்குத் தமிழன் பெயரே உலகம் சுற்றியிருக்கிறது. சரி, செய்திக்கு வருவோம்.

‘உடை’, ‘அடை’ என்ற இணை, வடியையும் வழியையும்விடப் பொல்லாதது. ‘வெள்ளம் கரையை அடைந்தது’ என்றால் நீர் கரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கரை இன்னும் நிற்கிறது. ‘வெள்ளம் கரையை உடைத்தது’ என்றால் கரை போயிற்று. ‘உடைப்பு அடைக்கப்பட்டது’ என்றால் நல்ல செய்தி. ‘வடிகால் அடைத்துக்கொண்டது’ என்றால் கெட்ட செய்தி. ‘மதகு அடைக்கப்பட்டது’ என்றால்? இதில்தான் பலர் தவறுகிறோம்.

நம் மஞ்சோங், பாகான் டத்தோ கடலோரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் தாழ்வு. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மண் கரை; மலாயில் பான் என்றும் பெந்தேங் என்றும் சொல்வார்கள். கால்வாய் கடலைச் சேரும் இடத்தில் ஒரு மதகு, அதாவது பிந்து ஆயர். கடல் ஏறும்போது அதை மூடுவார்கள், உப்பு நீர் உள்ளே வராதபடி. கடல் இறங்கும்போது திறப்பார்கள், மழை நீர் வெளியே போகும்படி. ஆகவே ஏற்ற நேரத்தில் மதகு அடைக்கப்பட்டது என்றால் அது நமக்குக் காவல். ஆனால் அதே நேரத்தில் பெருமழையும் பிடித்துக்கொண்டால், மதகைத் திறக்கவும் முடியாது, உள்ளே சேரும் நீருக்குப் போக்கிடமும் இருக்காது. “வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்கள்” என்று மதகுக்காரரைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திறந்தால் கடலே உள்ளே வரும் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? நம் நாட்டில் 1932-ஆம் ஆண்டிலேயே வடிகால், நீர்ப்பாசனத்துக்கென்று தனியாக ஒரு துறையை ஏற்படுத்தியதற்கு இப்படிப்பட்ட தாழ்ந்த நிலங்களில் நீரைக் கொண்டுவரவும் வேண்டும், வெளியேற்றவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவை ஒரு காரணம்.

இங்கேதான் ‘உபரி நீர்’, ‘உப்பு நீர்’ என்ற மயக்கமும் வருகிறது. உபரி நீர் என்றால் மிகுதியான நீர். அணையிலோ ஏரியிலோ கொள்ளாமல் வெளியே விடுவது. அது நல்ல தண்ணீர்தான். வந்து போய்விட்டால் சேறுதான் மிச்சம். உப்பு நீர் கரையைத் தாண்டி வந்தால் கதை வேறு. வடிந்த பின்னும் உப்பு மண்ணில் தங்கும். செம்பனை வாடும், தென்னையும் காய்ப்புக் குறையும், கொல்லையில் போட்ட கீரை கருகும். நம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரே ஆயர் தாவார். உப்பில்லாத நீர் என்று பொருள். கடலுக்கு அருகில் வாழ்ந்தவர்கள் நல்ல தண்ணீரை எவ்வளவு பெரிதாக எண்ணியிருந்தால் அதை ஊருக்கே பெயராக வைத்திருப்பார்கள்!

மலாய்ச் செய்தி கேட்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ‘ஆயர் சூரூட்’ என்றால் நீர் வற்றுகிறது, இறங்குகிறது. ‘சூராட்’ என்றால் கடிதம், பத்திரம். சூரூட் என்று கேட்டால் நிம்மதி. அதற்குமுன் சூராட்டைப் பத்திரப்படுத்திவிடுங்கள். (என் தம்பியின் கதையைக் கேட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள்.) ‘தெபிங்’ என்றால் ஆற்றின் கரை, ‘தெபாங்’ என்றால் மரம் வெட்டுவது. தெபிங் இடிந்தது என்ற செய்தியை, மரம் வெட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஆற்றோரம் போய்விடக் கூடாது. ‘ஆயர் பாசாங்’ என்பது கடல் ஏற்றம். ஆனால் விளக்கைப் போடுவதற்கும், ஒரு பொருளைப் பொருத்துவதற்கும்கூடப் பாசாங் என்றுதான் சொல்கிறோம். எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் ‘ஆயர் பாசாங் பெசார்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டு, பெரிய குழாய் போட்டுத் தண்ணீர் விடப் போகிறார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் வந்தது உண்மைதான்.

ஆங்கிலமும் விதிவிலக்கல்ல. வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கட்டும் ‘லெவி’ நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த சொல். வெள்ளக் கரைக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு சொல் உண்டு. 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் உடைந்தவை அந்த லெவீக்கள்தாம். நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீருக்குள் போயிற்று. வரிக்கும் கரைக்கும் ஒரே ஒலி என்றால், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே எழுதும்போது தடுமாறுகிறார்கள். ஆகவே நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, எண்ணோடு வரும் மயக்கம். ‘அடி’ வேறு, ‘கன அடி’ வேறு. அடி என்பது உயரம். கன அடி என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடியாக உள்ள பெட்டி கொள்ளும் அளவு. ஏறக்குறைய 28 லிட்டர். பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒன்றரைத் தகரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் 1 இரவு, சென்னைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அதாவது ஒவ்வொரு விநாடியும் சுமார் எட்டு இலட்சம் லிட்டர். அந்த ஏரியின் முழு உயரமோ 24 அடிதான். ‘இருபத்து நான்கு’ சிறிய எண், ‘இருபத்தொன்பதாயிரம்’ பெரிய எண் என்று ஒப்பிட்டுப் பயன் இல்லை. ஒன்று ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. மற்றது நம்மை நோக்கி எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்கிறது.

அந்த நாட்களில் சென்னையில் ‘ஏரி உடைந்துவிட்டது’ என்ற வதந்தியும் பரவியது. ஏரி உடையவில்லை, மதகு திறக்கப்பட்டது. திறந்த நீரே ஊரை மூழ்கடிக்கப் போதுமானதாக இருந்தது என்பது வேறு விஷயம். இருந்தாலும் திறப்புக்கும் உடைப்புக்கும் உள்ள வேறுபாடு பெரிது. திறந்த மதகைக் குறைக்கலாம், மூடலாம். உடைந்த கரையை அந்த வேகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. உடைப்பென்று கேள்விப்பட்டவர் ஓடுகிற திசையும் வேறாக இருக்கும்.

இன்னும் ஒன்று. ‘அபயம்’, ‘அபாயம்’. எழுதும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு கால்தான் வேறுபாடு. அபயம் என்றால் அடைக்கலம். பயமில்லை என்று கையைக் காட்டுவது. அபாயமோ ஆபத்து. ஆற்று மட்டத்தை அறிவிக்கும்போது நம் நாட்டில் வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று மூன்று படி சொல்வார்கள். விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று தமிழில் கொள்ளலாம். மூன்றாவது படி வந்தபிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. தோணி தேட வேண்டிய நேரம் அது. 2014 டிசம்பர் இறுதியில் கிளந்தானிலும் நம் பேராக்கிலும் பெருவெள்ளம் வந்தபோது இரவோடு இரவாக மட்டம் ஏறியதைப் பார்த்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், கைக்குழந்தையும் நடக்க முடியாத பெரியவர்களும் உள்ள வீடு இரண்டாவது படியிலேயே புறப்பட்டுவிட வேண்டும்.

கரைக்கு வல்லின ‘ற’ போட்டுக் கறையாக்குவது, வெள்ளத்தில் ‘ல்ல’ போட்டு வெல்லமாக்குவது, மணல் மூட்டையில் நெடிலைக் குறிலாக்கி மணல் முட்டை அடுக்குவது எல்லாம் என் மாணவர் ஏடுகளில் ஆண்டுதோறும் வரும். சிவப்பு மையால் திருத்திவிட்டுச் சிரித்துக்கொள்வேன். இவற்றால் யார் வீடும் மூழ்கப் போவதில்லை. ஆனால் இப்போது கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டி அனுப்புகிறோமே, அதைக் கண்டால்தான் எனக்குக் கவலை. அதில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் பெரும்பாலும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. வெள்ளமும் வெல்லமும் ஒன்றாகின்றன. ‘தண்ணி வலியுது’ என்று ஒருவர் அனுப்பினால், வழிகிறதா, யாருக்காவது வலிக்கிறதா? இப்படிப்பட்ட நேரத்தில் சுருக்கி எழுதாதீர்கள். ‘தண்ணீர் ஏறுகிறது’, ‘தண்ணீர் இறங்குகிறது’ என்று அனுப்புங்கள். ஏறு, இறங்கு இரண்டும் எந்த எழுத்தில் எழுதினாலும் மாறாது.

வானொலியில் கேட்கும்போது இன்னொரு பழக்கம் வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘கரையில் நீர்’ என்றதுமே, “பாரு, சொன்னேனில்ல!” என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். வாக்கியத்தின் உயிர் அதற்குப் பிறகுதான் வரும். செய்தி முடியும்வரை பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டியாக இருந்தாலும் சரி. முக்கியமான சொல் கரகரப்பில் போய்விட்டால் ஊகிக்க வேண்டாம். அடுத்த செய்தி வரும்வரை பரணில் இருப்பது பரணிலேயே இருக்கட்டும். சிறு பிள்ளை “எனக்கு வேறு மாதிரி கேட்டது” என்றால் அதையும் ஒரு காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு விளையாட்டு வைப்பேன். ஒரு மாணவர் கதவுக்கு வெளியே நின்று, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, ‘வழிகிறது’ என்றோ ‘வடிகிறது’ என்றோ சொல்ல வேண்டும். வழிகிறது என்று கேட்டவர்கள் புத்தகப் பையை மேசைமேல் தூக்கி வைக்க வேண்டும். வடிகிறது என்று கேட்டவர்கள் தரையிலேயே விடலாம். பத்து முறை சொன்னால் இரண்டு மூன்று முறையாவது வகுப்பு இரண்டாகப் பிரியும். சென்ற ஆண்டு ஒரு பையன் மட்டும் பத்து முறையும் பையை மேசைமேலேயே வைத்திருந்தான். ஏனப்பா என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒரே மாதிரி கேட்டுச்சு டீச்சர். அதான் எறக்கல.”

அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.